கடைசிக் காட்சிக்கு முன்னால் எழுந்தவர்கள்

ஜனவரி 8

அன்புள்ள கடுகு,

படம் பார்த்தாகிவிட்டது. நம் ஒப்பந்தப்படி சுடச்சுட எழுதுகிறேன். உன் கடிதம் வரும் வரை இந்தப் படத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். திறந்தாலும் கேட்க இங்கே ஆள் ஏது? உன் அம்மாவுக்குத் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் மாமியார்களுக்காகக் கவலைப்படவே பொழுது போதவில்லை.

விடுதி நடத்துகிற அந்தப் பெண் பாவம். ஒரு ராத்திரி தங்க வந்தவன் மாதக்கணக்கில் தங்குகிறான். பேர்கூடச் சொல்லவில்லை. இவள் அவனுக்குப் போர்வை மாற்றுகிறாள், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கி வருகிறாள், போதாததற்குக் காதல் வேறு. கதாநாயகனுக்கு இருப்பது ஒரே முகம். காதலுக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான், பசிக்கும் அதுதான். அதைவிட எரிச்சல் அவனுடைய மூக்குக் கண்ணாடி. படித்தவன் என்று காட்டுவதற்காகப் பவரே இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டிவிட்டிருக்கிறார்கள். நிஜமான கிட்டப்பார்வைக்காரன் போட்டால் கண் கொஞ்சம் சிறுத்துத் தெரியும், கன்னத்தின் ஓரம் உள்ளே ஒடுங்கும். நாள் முழுக்க ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவளிடம் இந்த வேலையெல்லாம் பலிக்குமா?

என் தீர்ப்பு: அரைக் கைக்குட்டை, மூன்று கொட்டாவி.

ஆனால் முடிவு நன்றாக இருந்தது. நான் முடிவைப் பார்த்தேன் என்பதே எனக்கு இன்னும் அதிசயம்தான். உன் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகு எந்தப் படத்துக்கு நான் முடிவு பார்த்தேன்? கல்யாணமான புதிதில் முதல் படம். கதாநாயகி மொட்டை மாடி விளிம்பில் நிற்கிறாள். இவர் என் முழங்கையைப் பிடித்துத் தூக்குகிறார். "கிளம்பு, கிளம்பு. இப்ப எழுந்தாத்தான் நெரிசல் இல்லாம வண்டியை எடுக்கலாம்." அவள் குதித்தாளா இல்லையா என்று மறுநாள் கடைக்குக் கண்ணாடி வாங்க வந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உனக்கென்ன, பெயர்ப் பட்டியலில் டீ கொடுத்தவர் பெயர் வரைக்கும் வாசித்துவிட்டு, பெருக்க வருகிற அம்மாவின் துடைப்பம் காலில் பட்ட பிறகு எழுந்திருக்கிறவள் நீ. எனக்கு முடிவுகள் கிடைக்க ஆரம்பித்தது, அவர் மலைக்கு அந்தப் பக்கம் சுரங்கப்பாதை வேலைக்குப் போன பிறகுதான். அதற்காக அவர் அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லவில்லை. தியேட்டர் இல்லாத ஊர், போன்கூட ஒழுங்காக எடுக்காது. புதன்கிழமை ஒருநாள் பேசுகிறார். பாதி இரைச்சல், மீதி "ம்".

இன்னொரு விஷயம். முதலாளி வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார். முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ள என்னைக் கூப்பிடுகிறார். கண் சோதிக்கிற அறையை என் இஷ்டப்படி அமைத்துக்கொள்ளலாமாம். எனக்கு ஆசையாக இருக்கிறது, கடுகு. இடுப்பு எலும்பு உடைந்து படுத்திருக்கிற உன் அம்மாவை யார் பார்ப்பது என்று நினைத்தால் ஆசை அடங்கிவிடுகிறது. உன் அண்ணனைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். அவருடைய "உன் இஷ்டம்" எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அதனால் உன்னைக் கேட்கிறேன். இந்தக் குடும்பத்தில் என் பக்கம் நிற்கிற ஒரே ஆள் நீதான்.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 16

அண்ணி, அண்ணி, அண்ணி!

மூன்று கொட்டாவியா? உங்களுக்கு இரக்கமே இல்லையா? நான் கொடுப்பது இரண்டு கைக்குட்டை, ஒரே ஒரு கொட்டாவி. அந்தக் கொட்டாவியும் படத்துக்கு இல்லை, முந்தின நாள் வேலைக்கு. ஒருவர் தன் வாஷிங் மெஷின் என்ன சத்தம் போடுகிறது என்று போனிலேயே வாயால் போட்டுக் காட்டினார், அண்ணி. நானும் "இன்னொரு தடவை போடுங்க சார்" என்று சொல்லிக் குறித்துக்கொண்டேன். நாள் பூராவும் புகார் கேட்டுவிட்டு வருகிறவளுக்குப் போனைக் கண்டாலே ஆகாது. நீங்கள் கடிதம் எழுதுகிறவராக வாய்த்தது என் அதிர்ஷ்டம். போனில் பேசினால் அம்மாவின் காது கட்டிலிலிருந்து எழுந்து நடந்து வந்துவிடும்!

கதாநாயகனைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கட்டை. ஆனால் அந்தப் பெண்ணின் கையைக் கவனித்தீர்களா? யார் கதவைத் தட்டினாலும் முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் போய்த் திறப்பாள். அவன் தட்டும்போது மட்டும் துடைக்க மாட்டாள். ஈரக் கையோடு ஓடி வருவாள். படம் முழுக்க அவள் வாயிலிருந்து ஒரு காதல் வசனம் கிடையாது. தாழ்ப்பாளில் ஈரம் இருக்கும், அவ்வளவுதான். எனக்கு அது போதும். முடிவும் நன்றாகத்தான் இருந்தது.

வேலை விஷயம். அவசரப்படாதீர்கள். கிளை இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொன்று திறப்பார்கள். அண்ணன் வரட்டும், இன்னும் கொஞ்ச காலம்தானே? அம்மாவுக்கு நீங்கள் திருப்பிப் படுக்க வைத்தால்தான் தூக்கம் வருகிறதாம், என்னிடமே சொன்னாள். நான் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம் என்றால் என் அறையில் இன்னொரு கட்டில் போட்டால் கதவு திறக்காது. அண்ணனும் உங்களை நம்பித்தானே அவ்வளவு தூரம் போயிருக்கிறான். நீங்கள் அசையாமல் இருப்பதால்தான் நாங்கள் எல்லோரும் நிற்கிறோம்.

உங்கள்,
கடுகு


ஜனவரி 25

அன்புள்ள கடுகு,

தோற்றேன். நான் அவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் கையைக் கோட்டைவிட்டிருக்கிறேன். நீ எழுதின பிறகு ஒவ்வொரு காட்சியாக யோசித்துப் பார்த்தேன். ஆமாம், துடைக்கவே இல்லை. என் மூன்று கொட்டாவியில் இரண்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முந்தாநாள் சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் நின்றார். அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும்போதுதான் கவனித்தேன், தாழ்ப்பாள் நனைந்து கிடந்தது. யார் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடினேன் என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது. ஒரு மனுஷன் வீட்டில் இருக்கும்போது இருக்கிறாரா என்றே கவனிக்காதவள், இப்போது மீட்டர்காரருக்குத் தாழ்ப்பாளை நனைக்கிறேன். உன் வரியைப் படிக்காமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். நீ எப்போது இவ்வளவு நுணுக்கமாகப் படம் பார்க்க ஆரம்பித்தாய்?

முதலாளியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மேஜைமேல் இருந்த கிளையின் வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார். நீ சொன்னதால்தான் சொன்னேன். நீ "போங்க அண்ணி" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போயிருப்பேன், அது வேறு விஷயம். அன்று முழுக்கக் கொஞ்சம் உம்மென்று இருந்தேன். அத்தை, "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். கடையில் கூட்டம் என்று சமாளித்தேன்.

அடுத்த படம் கப்பல் சமையல்காரன் கதை. நான் நேற்றுப் பார்த்துவிட்டேன். ஒன்றும் சொல்ல மாட்டேன், கைக்குட்டைக் கணக்குக்கூடச் சொல்ல மாட்டேன். நீ முதலில் எழுது. எழுதுவதற்குள் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 3

அண்ணி!

நான்கு கைக்குட்டை. கொட்டாவி பூஜ்யம். நம் வரலாற்றிலேயே இதுதான் உச்சம், கல்வெட்டில் பொறித்து வையுங்கள்.

அந்தப் பச்சைக் கதவு! போனவன் திரும்பி வரும்போது வீடு அடையாளம் தெரியாமல் போய்விடக் கூடாது என்று வருஷா வருஷம் அதே பச்சையைத் தேடிப் பிடித்து அடிக்கிறாளே, அங்கேயே முதல் கைக்குட்டை போயிற்று. கடைக்காரன் "இந்தப் பச்சை இப்ப வர்றதில்லைம்மா" என்று சொல்லும்போது இரண்டாவது. அவனுக்கு வேறொரு துறைமுகத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது தெரிய வருகிற இடத்தில் மூன்றாவது. என்ன செய்யப்போகிறாளோ, தண்ணீரில் தள்ளிவிடுவாளோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த முடிவு, அண்ணி! படகுத்துறையில் அவனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், நிற்கிறாள், கடைசியில் போய்க் கட்டிக்கொள்கிறாளே. பாட்டு ஏறுகிறது, திரை அப்படியே இருட்டாகிறது. அந்த அணைப்போடு படத்தை முடிக்கத் தோன்றிய டைரக்டர் எங்கிருந்தாலும் வாழட்டும். பழி வாங்குவது, சண்டை போடுவது எல்லாம் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். மன்னிப்பதைக் காட்டி, மன்னிப்போடு நிறுத்துவதற்குத் தைரியம் வேண்டும். பொறுமையாக இருக்கிறவள் தோற்பதில்லை என்று இவ்வளவு அழகாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

பார்க்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்தான். நீங்களும் அப்படித்தான். உங்கள் பொறுமைக்கு ஒரு நாள் பலன் கிடைக்கும். சொல்லுங்கள், உங்களுக்கு எத்தனை கைக்குட்டை?

உங்கள்,
கடுகு


பிப்ரவரி 10

கடுகு,

உன் கடிதத்தை இரண்டு நாளாகப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன். இன்று ஒருவருக்கு இடக் கண் லென்ஸை வலக் கண்ணில் பொருத்திக் கொடுத்துவிட்டேன். அவர் வாசல் வரை போய்ப் படி தடுக்கித் திரும்பி வந்தார். இத்தனை வருஷ வேலையில் நான் செய்யாத தப்பு.

அந்தப் படம் அணைப்போடு முடியவில்லை. பாட்டு ஏறும், திரை இருட்டாகும், முடிந்துவிட்டது போலத்தான் இருக்கும். பிறகு மறுபடி வெளிச்சம் வரும். இன்னொரு காட்சி இருக்கிறது. அந்தக் காட்சிக்காகத்தான் மொத்தப் படத்தையும் எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தவர் யாரும் நீ எழுதியதை எழுத மாட்டார்கள். அது என்ன காட்சி என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆக, நீ அதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டாய். துடைப்பம் காலில் படாமல் எழுந்திருக்காத நீ, நான்கு கைக்குட்டை நனைந்த படத்தில் எழுந்துவிட்டாய். நம் குடும்பத்தில் கடைசிக் காட்சிக்கு முன்னால் முழங்கையைப் பிடித்து ஆளைத் தூக்குகிறவர் ஒருவர்தான். அவர் தியேட்டரே இல்லாத ஊரில் சுரங்கத்துக்குள் இருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

யாரோடு போனாய்? ஒரு வரி எழுது, போதும்.

அண்ணி


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணி,

ஒரு சினிமாவுக்கு இப்படியா போலீஸ் விசாரணை? எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்றைக்குத் தலைவலி. ஹெட்போன் மாட்டி மாட்டிக் காதுக்குப் பின்னால் ஒரு வலி வரும், சொல்லியிருக்கிறேனே. பாட்டு ஏறும்போது அது இரண்டு மடங்காகிவிட்டது. படம்தான் முடிந்துவிட்டதே என்று எழுந்து வந்துவிட்டேன். கடைசிப் பேருந்தையும் பிடிக்க வேண்டியிருந்தது. தனியாகத்தான் போனேன். என்னோடு வர யார் இருக்கிறார்கள் இங்கே?

நீங்கள் சரியாகத் தூங்குவதில்லை என்று நினைக்கிறேன். அம்மா ராத்திரியில் அடிக்கடி கூப்பிடுகிறாளா? அண்ணனைப் பற்றி மனதில் எதையாவது போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவன் அங்கே என்ன பாடு படுகிறானோ.

சரி, அந்தக் கடைசிக் காட்சி என்ன? சும்மா சொல்லுங்கள்.

கடுகு


பிப்ரவரி 23

உனக்கு என்ன அடைமொழி போட்டு ஆரம்பிப்பது என்று தெரியாததால் அப்படியே ஆரம்பிக்கிறேன்.

புதன்கிழமை அவர் பேசினார். வழக்கமான இரைச்சல். அத்தை பேசி முடித்த பிறகு போனை நான் வாங்கிக்கொண்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அங்க பொழுதே போகாதுல்ல?" என்றேன்.

"எங்க போறது? சுரங்கத்துக்குள்ள சினிமாவா காட்டுறாங்க?" என்று சிரித்தார்.

"நான் ஒரு படம் பார்த்தேன். கப்பல்ல சமைக்கிறவன் கதை. அத்தனை வருஷம் கழிச்சு வந்தவனை அந்தப் பொண்ணு கிட்டகூட சேர்க்க மாட்டேங்கிறா. கல்நெஞ்சக்காரி."

"யார் சொன்னா? அதான் படகுத்துறையில போய்க் கட்டிப் பிடிச்சுக்கிறாளே" என்றார்.

அதன் பிறகு இரைச்சல்தான் கேட்டது. கட்டிலிலிருந்து அத்தை, "லைன் கட்டாயிடுச்சா?" என்றார். "ஆமா அத்தை" என்று வைத்துவிட்டேன். ஒரே படத்தை ஒரே இடத்தில் விட்டுவிட்டு எழுந்த இரண்டு பேர், ஒரே தப்பை என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொள்ளவாவது கூடாதா?

அவர் உன் ஊரில் இருக்கிறார். உன்னோடு படம் பார்க்கிறார். அவர் மட்டும் என்றால் ஒளிக்க வேண்டியதில்லை, கூட இன்னொருத்தி இருக்கிறாள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். அவர்மேல் எனக்கு வர வேண்டிய கோபம் வரும், அதை அவரிடமே காட்டிக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி அத்தையைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு உட்காரும்போது அவர் முகம் வருவதில்லை, கடுகு. உன் முகம்தான் வருகிறது. அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. உன்னிடம்தான் கேட்டேன். போகட்டுமா, இருக்கட்டுமா என்று வாய்விட்டுக் கேட்டேன். எல்லாம் தெரிந்த நீ, இருங்கள் என்றாய். பொறுமைக்குப் பலன் கிடைக்கும் என்றாய். என் கண்ணைக் கட்டிவிட்டு, கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறாய்.

எப்போதிலிருந்து? எல்லாவற்றையும் எழுது. தலைவலி வேண்டாம்.


மார்ச் 4

அண்ணி,

இதோடு நான்காவது தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கிழிக்காமல் எழுதிவிடுகிறேன்.

சுரங்க வேலை போன மழைக்காலத்தோடு முடிந்துவிட்டது. அண்ணன் உங்களிடம் வராமல் இங்கே வந்துவிட்டான். எனக்கும் சொல்லவில்லை. ஒருநாள் தியேட்டர் வாசலில் பார்த்தேன், பக்கத்தில் அவங்க. பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாங்க. நான் அங்கேயே சத்தம் போட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் நடுரோட்டில் அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. "நானே சொல்லிடறேன், கொஞ்சம் டைம் குடு" என்றான். கொடுத்தேன். கொடுத்த டைம் நீண்டுகொண்டே போயிற்று. அவங்களிடம் உங்களை விட்டுப் பிரிந்துவிட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்துக்குக் கூப்பிட்டார்கள், வர மாட்டேன் என்றேன். அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள், போனேன். தனியாகப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்திருந்தது, அண்ணி. திரும்பி வருவது அவன் காரில். அவன் எழுந்தால் நானும் எழுந்தாக வேண்டும். விடுதிப் படத்தின் முடிவையும் நான் பார்க்கவில்லை. நன்றாக இருந்தது என்று நீங்கள் எழுதியிருந்ததால் நானும் எழுதினேன்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் மனம் உடையக் கூடாது என்றுதான் என்று போன தாள் வரைக்கும் எழுதினேன். அதனால்தான் கிழித்தேன். நீங்கள் போய்விட்டால் அம்மா என்னிடம் வருவாள். எனக்குப் பயமாக இருந்தது. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்காமல் இருக்கிற அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ள உங்களை அங்கேயே இருக்கச் சொன்னேன். இப்படி எழுதிப் பார்த்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் பொய்க் கடிதமாகிவிடும். அந்த ஈரக் கை விஷயத்தை நான் கவனிக்கவில்லை. காரில் வரும்போது அவங்க சொன்னது. நன்றாக இருக்கிறதே என்று அப்படியே உங்களுக்கு எழுதிவிட்டேன். மீட்டர்காரருக்குக் கதவு திறந்ததைப் பற்றி நீங்கள் எழுதின கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுவிட்டு வந்து அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர்களோடுதான் படத்துக்குப் போனேன்.

திட்டுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள், எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அண்ணன் அங்கே வரப்போகிறான், உங்கள் காலில் விழப்போவதாகச் சொல்கிறான். அந்தப் படத்தை இங்கே தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் கடைசியில் என்னதான் செய்தாள்?

கடுகு


ஏப்ரல் 6

கடுகு,

புது ஊரிலிருந்து எழுதுகிறேன். முதலாளியிடம் போய் நின்றேன். கிளைப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். அவருக்குக் கீழே ஒரு இடம் இருந்தது, வாங்கிக்கொண்டேன். கண் சோதிக்கிற அறைக்கு அவர் ரோஸ் நிறம் அடித்து வைத்திருக்கிறார். எழுத்துப் பலகையை ஜன்னலுக்கு நேராக மாட்டியிருக்கிறார், வெளிச்சம் பட்டுப் பாதி எழுத்து யாருக்கும் தெரியவில்லை. நான் வந்திருந்தால் அங்கே மாட்டியிருக்க மாட்டேன். தினமும் அந்தப் பலகையைப் பார்க்கும்போது உன் ஞாபகம் வருகிறது.

அந்த ஈரக் கை வரிக்காகத்தான் எனக்கு அதிகம் வலித்தது. அவரை அவள் எடுத்துக்கொண்டாள், அது அவர்கள் இரண்டு பேரின் லட்சணம். ஆனால் நான் என் தாழ்ப்பாளைப் பற்றி, வேறு யாரிடமும் சொல்லாததை, உன்னிடம் சொன்னேன். யாருடைய வார்த்தையைப் படித்துவிட்டு உருகுகிறேன் என்று தெரிந்துகொண்டே அதை வாங்கி வைத்துக்கொண்டாய். அவளிடம் சொல், அவள் பார்வை நன்றாக இருக்கிறது, கண்ணாடி தேவைப்படாது. சோதிக்க வேண்டியது என் கண்ணைத்தான்.

அவர் வந்தார். காலில் விழவில்லை, பையை வைத்துவிட்டு "டீ இருக்கா?" என்றார். அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு, அத்தையின் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தேன். ஒன்றும் சத்தம் போடவில்லை. வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். உன் பெயர் வந்த இடத்தில் அத்தை, "அவளுக்கும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பாதியில் உன் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வண்டியை வெயில்ல விட்டுட்டு வந்துட்டேன்" என்று எழுந்தார்.

"உட்காருங்க" என்றேன். "ஒரு தடவையாவது முடியிற வரைக்கும் இருந்துட்டுப் போங்க."

உட்கார்ந்தார். உன் அண்ணன் ஒன்றைக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

அத்தையை என்னோடு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். நிஜமாகவே கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவன் தனியா என்ன பண்ணுவான்" என்றார். இத்தனை மாதம் திருப்பிப் படுக்க வைத்த கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அவர் முன்னால் அழவில்லை. இந்நேரம் அத்தை உன் ஊருக்கு வந்திருப்பார். அவளுடைய வீட்டில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, உன் கதவு திறக்கிறதா என்று பார்த்து வை. திருப்பும்போது தோளையும் இடுப்பையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். தோளை மட்டும் இழுத்தால் வலி தாங்க மாட்டார். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வேண்டும், தட்டையானது. தூங்கும் முன் ஒரு தடவை "என் பிள்ளை சாப்பிட்டானா?" என்று கேட்பார். சாப்பிட்டார் என்று சொன்னால் போதும்.

திட்டி எழுதச் சொன்னாய். திட்டுவதும் ஒரு உறவுதான், அது வேண்டாம். இனி நான் பார்க்கிற படங்கள் என்னோடு இருக்கட்டும். நீயும் எழுதாதே.

முடிவு கேட்டாய். அதைச் சொல்லாமல் போனால் எனக்கும் உன் அண்ணனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

இருட்டுக்குப் பிறகு காலை வெளிச்சம். அவன் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவள் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறாள். அவனுக்குச் சந்தோஷம், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைக்கிறான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போகிறாள். பெயின்ட் டப்பா திறக்கிற சத்தம் கேட்கிறது. பச்சை இல்லை, வெள்ளை. கதவில் முதல் பட்டையை மேலிருந்து கீழே நிதானமாக அடிக்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறாள்:

"சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

அவ்வளவுதான், படம். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. எல்லோரும் எழுந்து போனார்கள். எனக்குக் கைக்குட்டை தேவைப்படவில்லை. விளக்குப் போட்டு, பெருக்க வந்த அம்மா "படம் முடிஞ்சிடுச்சும்மா" என்று சொல்லும் வரை நான் உட்கார்ந்திருந்தேன்.